பாடலும் உடலும்: பறவைகளின் துணைத்தேர்வு குறித்துச் சில கருத்துக்கள்

தமிழிலக்கிய மாணவருக்குப் பறவை என்பது பெரும்பாலும் ஒரு மரபுக் குறியீடாகும். குயில் கூவினால் இளவேனில் வந்துவிட்டது என்பதும், அன்றில் நரன்றால் பிரிவுத் துயர் மிகுகின்றது என்பதும், மயில் ஆடினால் கார்காலம் தொடங்கிற்று என்பதும் நாம் பாடப்புத்தகத்திலேயே கற்றுக்கொள்ளும் சமன்பாடுகள். ஆயினும் பண்டைத் திணைக் கோட்பாடு பறவையை இவ்வாறு தனித்து நிறுத்தவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அது புள்ளைக் கருப்பொருள்களுள் ஒன்றாக, உணவோடும் மரத்தோடும் மக்கள் செய்யும் தொழிலோடும் ஒரே வரிசையில் வைத்து எண்ணிற்று. நிலமும் பொழுதும் முதலில். பறவையும் பாட்டும் அவற்றின்மேல். பிற்காலக் காவிய மரபிலேதான் பறவை தனது நிலத்திலிருந்து பிய்த்தெடுக்கப்பட்டு, உணவும் நோயும் பசியுமற்ற தூய உணர்ச்சியின் குரலாக மாற்றப்பட்டது. பறவையின் பாட்டு எத்தகைய உடலியல் நிலைமைகளிலிருந்து எழுகின்றது, அப்பாட்டைக் கேட்டுத் துணையைத் தெரிந்துகொள்ளும் பறவை உண்மையில் எதனைக் கேட்கின்றது என்னும் வினாக்களுக்குக் கடந்த அரை நூற்றாண்டுக்கால உயிரியல் அளித்துள்ள விடைகளை ஈண்டு விளக்க முற்படுகின்றோம். இவ்விடைகளுள் சில, பிறப்பு, குலம், தகுதி என்பன பற்றி எமது சமூகத்தில் ஊறிக்கிடக்கும் எண்ணங்களோடு நேரடியாக மோதுவன. இலக்கிய மாணவர்களாகிய நாம் இதிற் கைவைப்பதற்குக் காரணமும் அதுவே.

பேசுவதற்கு ஒரு நிலம் வேண்டும் என்பதனாற் கிளிநொச்சி மாவட்டத்துக் கண்டாவளையை மனத்திற் கொள்வோம். பரந்தனுக்குக் கிழக்கே, வயலும் பனங்கூடலும் பற்றைக்காடும் கலந்து கிடக்கும் பகுதி அது. கனகராயன் ஆறும் இரணைமடுக் குளமும் இம்மாவட்டத்து நெற்செய்கையின் உயிர்நாடி. கிழக்கே சுண்டிக்குளம் கடனீரேரி. 1938ஆம் ஆண்டிற் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. வலசை வரும் நீர்ப்பறவைகளைக் காண்பதற்கு அங்கே செல்வோர் உளர். ஆனால் எமது பொருளுக்கு வேண்டியவை வயலோரத்துச் சாதாரணப் பறவைகளே: குயில், காகம், குண்டுக்கரிச்சான், தூக்கணாங்குருவி, மயில், ஆக்காட்டி.

குயிலிலிருந்தே தொடங்கலாம். கூவுவது கரிய ஆண்குயில். புள்ளிகள் நிறைந்த பெட்டைக்கு அந்தப் புகழ்பெற்ற கூவல் இல்லை. எமது கவிமரபோ குயிலைப் பெரும்பாலும் பெண்ணாகவே பாடி வந்துள்ளது. பாரதியின் ‘குயில் பாட்டு’ம் அதற்கு விலக்கன்று. கவிஞரைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. குயிலின் கூவலிலே வேறொரு செய்தி உண்டு. காகத்தின் கூட்டிற் பொரித்து, காகம் ஊட்ட வளர்ந்த குயிற்குஞ்சு, கரையக் கற்றுக்கொள்வதில்லை, குயிலாகவே கூவுகின்றது. அதன் குரல் பிறவியிலேயே அமைந்தது. இதனால், உயிரியலாளர் பாடும் பறவைகள் என வகுக்கும் பெருங்குழுவிலே குயிலுக்கு இடமில்லை. கரையும் காகத்துக்கோ இடமுண்டு! குரல்வளையின் தசையமைப்பும் கற்றல் ஆற்றலுமே அங்கு அளவுகோல், இனிமை அன்று.

பாடும் பறவைகள் தமது பாட்டைக் கற்றுக்கொள்கின்றன. இங்கிலாந்தில் தோப் என்பவர் 1950களில் சாபிஞ்ச் என்னும் குருவியைத் தனிமையில் வளர்த்து நடத்திய ஆய்வுகளும், அவரது மாணவர் பீற்றர் மாளரின் பிற்கால ஆய்வுகளும் இதனை ஐயத்துக்கிடமின்றி நிறுவின. இளங்குருவி முதலில் முதிர்ந்த ஆணின் பாட்டைக் கேட்டு மனத்தில் இருத்துகின்றது. பின்னர், குழந்தையின் மழலை போலத் தட்டுத்தடுமாறி ஒலியெழுப்பி, தன் குரலைத் தானே கேட்டுத் திருத்தி, இறுதியில் ஒரு நிலைத்த பாட்டை அடைகின்றது. கேட்கவேண்டிய பருவத்திற் கேளாத குருவி குறைப்பாட்டோடு நின்றுவிடுகின்றது. ஒரே இனத்துக்குள்ளே ஊருக்கு ஊர் வழக்கு வேறுபடுவதும் உண்டு. மொழியியல் பயின்றோருக்கு இவை யாவும் பழகிய செய்திகள் போலத் தோன்றும். பாட்டு ஒரு மரபு, அது கையளிக்கப்படுவது. ஆனால் அம்மரபைப் பெற்றுக்கொள்வதற்கு ஓர் உடல் வேண்டும்; அவ்வுடல் ஒரு கூட்டில், ஒரு பருவத்தில், கிடைத்த உணவைக்கொண்டு வளரவேண்டும்.

உடலைப் பாட்டுக்கு ஆயத்தப்படுத்துவது ஓமோன். பகலின் நீளத்தையும் மழையையும் உணவு வரத்தையும் உணர்ந்த மூளை கபச்சுரப்பியைத் தூண்ட, அது விதைகளைத் தூண்ட, விதைகள் ரெஸ்ரோஸ்ரெறோனைச் சுரக்கின்றன. இவ்வோமோன் குருதிவழியே மீண்டும் மூளையை அடைந்து, பாட்டை ஆளும் நரம்புக் கருக்களிற் செயற்படுகின்றது. 1976இல் நொற்றபோம், ஆர்னோல்ட் ஆகிய இருவரும் கனேரிக் குருவியிலே இந்நரம்புக் கருக்கள் பெட்டையினதைவிட ஆணிற் பன்மடங்கு பெரியன எனக் காட்டினர். முதுகெலும்புள்ள ஒரு விலங்கின் மூளையில் ஆண் பெண் வேறுபாடு இத்துணை வெளிப்படையாகக் காணப்பட்டது விஞ்ஞான உலகை வியக்கவைத்தது. பாடும் பருவத்தில் இவை பருப்பதும் பருவம் நீங்கியதும் சுருங்குவதும் பின்னர் அறியப்பட்டன. பாட்டுக்கேற்ப மூளை ஆண்டுதோறும் புதிதாகக் கட்டப்படுகின்றது எனலாம்.

வடதுருவத்தை அண்டிய நாடுகளிற் கோடைப் பகலும் மாரிப் பகலும் பெரிதும் வேறுபடும். கண்டாவளை வட அகலக்கோடு ஒன்பதரைப் பாகையளவிலே கிடக்கின்றது. இங்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்குமிடையே ஏறக்குறைய ஒரு மணிநேர வேறுபாடே உண்டு. இவ்வளவு சிறிய மாற்றத்தைப் பறவை உணருமா? ஏறத்தாழ இதே அகலக்கோட்டிலுள்ள பனாமா நாட்டில், காட்டுப்பறவை ஒன்றைக்கொண்டு மிக்கேலா ஹாவும் சகாக்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வு, பகலொளியில் 17 நிமிட அதிகரிப்பையே அப்பறவை அளந்தறிந்து இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமாகின்றது என்பதைக் காட்டிற்று. எனினும் நாட்பொழுது ஒரு பொது அழைப்பு மாத்திரமே. மழை பெய்து புழுபூச்சி பெருகினாலன்றி வெப்பவலயத்துப் பறவை முழுமையாக முனைவதில்லை. முதற்பொருளாக நிலத்தையும் பொழுதையும் சேர்த்து வைத்த பண்டை இலக்கணகாரர் இச்செய்தியைக் கேட்டால் வியக்கமாட்டார் என்றே எண்ணுகின்றோம்.

இனி, நெருக்கீடு. இச்சொல்லை எமது பகுதியில் ஒரு கலைச்சொல்லாக நிலைநிறுத்தியதிற் ‘மனவடு’ என்ற நூலை எழுதிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோருக்குப் பெரும் பங்குண்டு. பறவையியலில் அதன் பொருள் சற்றுக் குறுகியது. பருந்து பாய்கின்றது, உணவு கிடைக்கவில்லை, புயல் அடிக்கின்றது. உடனே அதிரீனற் சுரப்பி கோட்டிகோஸ்ரெறோன் என்னும் ஓமோனைக் குருதியிற் சொரிகின்றது. பறவையைப் பிடித்த ஒரு சில நிமிடங்களுள்ளேயே அதன் அளவு உயரத் தொடங்குவதை அளவிட முடிகின்றது. சேமித்து வைத்த சக்தி விடுவிக்கப்படும். இரைதேடலும் தப்பியோடலும் முன்னுக்கு வரும். பாட்டும் காதலும் பின்தள்ளப்படும். குறுகிய கால அளவில் இது நோயன்று, உயிர்காக்கும் ஏற்பாடு. அது நாட்கணக்கில், வாரக்கணக்கில் நீடிக்கும்போதே தசை கரைகின்றது, இனப்பெருக்கம் தடைப்படுகின்றது, நோயெதிர்க்கும் ஆற்றலாகிய நிர்ப்பீடனம் தளர்கின்றது. பசித்த உடல் பாட்டுக்குச் செலவிட மறுக்கின்றது என்று சுருக்கமாகக் கூறலாம்.

பெட்டை எதற்காகப் பாட்டைக் கேட்டுத் தேர்கின்றது என்பதே நீண்டகால விவாதத்துக்குரிய வினா. 1871இல் டார்வின் வெளியிட்ட ‘மனிதனின் தோற்றம்’ பற்றிய நூலில், பெட்டைகளின் அழகுணர்ச்சியே ஆண்களின் நிறத்துக்கும் பாட்டுக்கும் காரணமென வாதிட்டார். பெட்டைக்கு அத்தகைய இரசனை உண்டென்பதை வாலஸ் ஏற்கவில்லை; அவர் ஆணின் மிகையான உயிர்ச்சக்தியின் வெளிப்பாடே அதுவென்றார். விக்ரோரியா காலத்து ஆண்கள் பலருக்கு, பெண்ணின் தெரிவு இயற்கையை மாற்றவல்லது என்ற கருத்தே உவப்பாக இருக்கவில்லை. 1975இல் இஸ்ரேலியப் பறவையியலாளர் சஹாவி புதிய விளக்கம் ஒன்றை முன்வைத்தார்: ஆடம்பரமான தோகையும் ஓயாத பாட்டும் பெருஞ்செலவு பிடிப்பவை, வலிமையற்றவன் அச்செலவைத் தாங்கமாட்டான், ஆகையாற் செலவே உண்மைக்குப் பிணை. 1982இல் ஹமில்ற்றனும் மார்லின் சுக் அம்மையாரும் அதனை நோயோடு இணைத்தனர். குருதி ஒட்டுண்ணிகளை எதிர்க்கவல்ல பரம்பரையலகு உடைய ஆணே பளிச்சென்ற நிறத்தோடும் நல்ல பாட்டோடும் விளங்கமுடியும். பெட்டை தேர்வது அந்த எதிர்ப்புச் சக்தியையே என்பது அவர்கள் துணிபு. 1992இல் ஃபொல்ஸ்ராட், காட்டர் இருவரும் ஓமோனையும் உள்ளே கொண்டுவந்தனர்: பாட்டைத் தூண்டும் ரெஸ்ரோஸ்ரெறோன் நிர்ப்பீடனத்தைத் தாழ்த்துகின்றது, ஆகவே நோயைத் தாங்கவல்ல ஆணே அவ்வோமோனை மிகுதியாகச் சுரக்கத் துணியும்.

கருத்து நயமானது. சான்றுகளோ அவ்வளவு ஒத்துழைக்கவில்லை. பல பரிசோதனைகளின் முடிவுகளை ஒன்றுதிரட்டி 2004இல் நடத்தப்பட்ட மதிப்பீடு, ரெஸ்ரோஸ்ரெறோன் நேரடியாக நிர்ப்பீடனத்தை ஒடுக்குகின்றது என்பதற்கு ஆதரவு வலுவற்றது எனக் கண்டது. ரெஸ்ரோஸ்ரெறோன் ஏறும்போது கோட்டிகோஸ்ரெறோனும் சேர்ந்து ஏறுவதும், நிர்ப்பீடனத்தைத் தாழ்த்துவது பின்னையதாக இருக்கலாம் என்பதும் சிட்டுக்குருவி ஆய்வுகளிற் புலப்பட்டன. நெருக்கீட்டை ஒதுக்கிவிட்டு ஆண்மை ஓமோனை மாத்திரம் பேசியது முதற் கோட்பாட்டின் குறை எனலாம்.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். செலவு, முதலீடு, பிணை, நேர்மையான விளம்பரம், துணைச்சந்தை: இவ்வாய்வுகளின் மொழியைக் கூர்ந்து நோக்குவோருக்கு இது காடா, கொழும்பு வர்த்தகச் சந்தையா என்ற ஐயம் எழும். 1862ஆம் ஆண்டிலேயே மார்க்ஸ், ஏங்கல்சுக்கு எழுதிய கடிதத்தில், டார்வின் தமது ஆங்கிலேயச் சமூகத்தையே, அதன் போட்டியோடும் சந்தையோடும், விலங்குகளிடையே மீண்டும் கண்டெடுக்கின்றார் என்று வியந்திருந்தார். 1875இல் லாவ்ரோவுக்கு எழுதிய கடிதத்தில் ஏங்கல்ஸ் மேலும் ஒருபடி சென்று, சமூகத்திலிருந்து இயற்கைக்கு ஏற்றிய கோட்பாட்டைப் பின்னர் இயற்கையிலிருந்து சமூகத்துக்கே இறக்கி, இதோ நித்திய விதி என்று காட்டும் கண்கட்டு வித்தையை எடுத்துரைத்தார். உருவகம் பயன்பட்டமையால் ஆய்வு பொய்யாகிவிடாது. டார்வினை இவ்விருவரும் உயர்வாகவே மதித்தனர். ஆயினும் உருவகத்தை உருவகமாக அறிந்துகொள்வது இலக்கிய மாணவரின் கடமைகளுள் ஒன்று. ‘தரமான ஆண்’ என்ற தொடரை ஆய்வுக்கட்டுரை ஒன்றிற் காணும்போது, தரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவேண்டும்.

அக்கேள்விக்கு மலேரியா ஒரு விடை தருகின்றது. நுளம்பின் வழியே மலேரியா பரவுவதை 1898இல் கல்கத்தாவில் ரொனால்ட் றொஸ் நிறுவியது மனிதரைக்கொண்டு அன்று, பறவைகளைக்கொண்டே. பறவைகளுக்கென்றே தனியான மலேரியா ஒட்டுண்ணிகள் உண்டு. அவை மனிதரைத் தொற்றுவதில்லை. ஆனால் நோயின் வழிமுறை ஒப்பானது. நாணற்புதரில் வாழும் செட்ஜ் வாப்ளர் என்னும் ஐரோப்பியக் குருவியில், ஒட்டுண்ணி கொண்ட ஆண்களின் பாட்டிற் சொல்வளம் குறைந்திருப்பதை 1999இல் புக்கானன், கச்போல் ஆகியோர் காட்டினர். பெட்டைகள் சொல்வளம் மிக்க ஆண்களோடு முந்திச் சேர்வதைக் கச்போல் முன்னரே கண்டிருந்தார். 2005இல் ஸ்பென்சரும் சகாக்களும் இளம் கனேரிகளுக்கு மலேரியாத் தொற்றை ஏற்படுத்திப் பார்த்தபோது, வளர்ந்தபின் அவற்றின் பாட்டு எளிமைப்பட்டிருந்தது. பாட்டை ஆளும் நரம்புக் கருவும் சிறுத்திருந்தது. சிறுவயதிற் கண்ட காய்ச்சல் முதிர்ந்த வயதின் பாட்டிற் கேட்கின்றது.

வன்னியின் வரலாறு அறிந்தோருக்கு இதன் கனதி தெரியும். குளங்கள் தூர்ந்த வன்னிப் பெருநிலத்தை நீண்டகாலம் மக்கட்செறிவற்றதாக வைத்திருந்தவற்றுள் மலேரியா தலையாயது. 1934-35இல் இலங்கையிற் பரவிய கொள்ளைநோயில் 80,000 பேர்வரை மாண்டனர் என்பர். மிக மோசமாகத் தாக்கப்பட்டவை தென்மேற்குப் பக்கத்து மாவட்டங்கள். வரட்சியாலும் பொருளாதார மந்தத்தாலும் ஏற்கெனவே பட்டினி கிடந்த கிராமங்களிலேயே சாவு மிகுந்தது. அவ்வேளை மருந்தும் உணவும் கொண்டு கிராமங்களுக்குச் சென்ற சூரியமல் இயக்கத்து இளைஞர்களிடமிருந்தே 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. கொன்றது ஒட்டுண்ணியா, பசியா என்ற வினாவை அவர்கள் அன்றே கேட்டனர். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலகச் சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது; அதற்குள் மக்களின் பரம்பரையலகுகள் மாறிவிடவில்லை, மாறியவை சுகாதார ஏற்பாடுகளும் வாழ்நிலைகளுமே.

பறவையியலிலும் இத்தகைய ஒரு திருப்பம் நிகழ்ந்தது. 1998இல் நொவிக்கியும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரை வினாவையே மாற்றியமைத்தது. பாட்டை ஆளும் மூளைப்பகுதி வளர்வது குஞ்சு கூட்டிலிருக்கும் நாட்களிலும் கூட்டைவிட்டு வெளியேறிய முதல் வாரங்களிலுமே. பசிக்கும் நெருக்கீட்டுக்கும் குஞ்சு மிகவும் ஆளாவதும் அதே காலத்தில். எனவே முதிர்ந்த ஆணின் பாட்டு, அதன் பிறப்பைக் காட்டிலும் அது வளர்ந்த நிலைமைகளையே எடுத்துக்கூறும் என்பது அவர்கள் கருத்து. தொடர்ந்து பரிசோதனைகள் வந்தன. வட அமெரிக்கச் சதுப்புநிலச் சிட்டுக்களில் உணவு குறைத்து வளர்க்கப்பட்டவை தமது ஆசான் பாட்டைப் பிசகாகவே கற்றன. சீப்ரா பிஞ்ச் எனப்படும் அவுஸ்திரேலியச் சில்லையில், இரை தேடிப்பெறுவதைக் கடினமாக்கினாலும் சரி, குஞ்சுக்குக் கோட்டிகோஸ்ரெறோனை ஊட்டினாலும் சரி, வளர்ந்தபின் பாட்டு குறுகி எளிமைப்பட்டது என்று 2003இல் அறிவிக்கப்பட்டது. எமது மைனாவின் உறவினமான ஐரோப்பிய ஸ்ராலிங், எப்போது உணவு வரும் என்றறியாத நிலையில் இளமையைக் கழித்தால், அடுத்த வசந்தத்திற் குறைவாகவும் தயங்கித் தயங்கியும் பாடிற்று. உணவின் அளவைப்போலவே அதன் நிச்சயமின்மையும் நெருக்கீடாகின்றது என்பது இவ்வாய்வின் சிறப்பான செய்தி.

எல்லா ஆய்வுகளும் ஒருமுகமாகப் பேசவில்லை. 2009இல் புறும், சொலிங்கர், சிலேற்றர் ஆகியோர் சீப்ரா பிஞ்சில் மீண்டும் செய்து பார்த்தபோது, இளமை நெருக்கீடு பாட்டைக் கற்கும் செம்மையைப் பாதித்ததேயன்றிப் பாட்டின் சிக்கலையோ உரப்பையோ பாதிக்கவில்லை எனக் கண்டனர். பரம்பரையலகுக்கு இதில் எவ்விடமும் இல்லையென்று கூறுவதும் பிழையாகும். நெருக்கீட்டை எவ்வாறு தாங்குவது என்பதிலேயே பிறவி வேறுபாடு உண்டு. ஆயினும் ஒன்று தெளிவு. ஒரே பெற்றோரின் குஞ்சுகள் இரண்டு, ஒன்று வயிறாரவும் மற்றது அரைவயிற்றோடும் வளர்ந்தால், இரண்டும் ஒரே பாட்டைப் பாடுமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. குலத்தைக் கேட்கின்றோம் என்று எண்ணியிருந்த இடத்தில் நாம் கேட்டது கூட்டை.

எமது சமூகத்தில் ‘நல்ல குடி’, ‘குடிப்பிறப்பு’ என்ற சொற்கள் மணப்பேச்சில் எவ்வாறு பயன்படுகின்றன என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை. இவற்றுக்கு இன்று ‘ஜீன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் மேற்பூச்சும் சேர்ந்துள்ளது. படித்தவர்களே, பரம்பரை நோய் பற்றிய அரைகுறைச் செய்தியைச் சாதிக் கலப்புக்கு எதிரான வாதமாகக் கூறக் கேட்கின்றோம். பறவைப்பாட்டின் உடலியல் அவர்களுக்குத் துணைநிற்கவில்லை. துணையின் தகுதியாக அது காட்டுவன பெரும்பாலும் ஊட்டம், நோயின்மை, அச்சமற்ற இளமை என்பன, இவை பகிர்ந்தளிக்கப்படக்கூடியவை.

ஆனால் எதிர்ப்பக்கத்திலும் ஒரு படுகுழி உண்டு. இளமை நெருக்கீடு மூளையைச் சிறுக்கச் செய்கின்றது என்ற செய்தியைக் கேட்டவுடன், 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களிற் கண்டாவளையிலிருந்தும் தருமபுரத்திலிருந்தும் கிழக்கு நோக்கிப் பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளைச் சுட்டி, இவர்கள் குறைபட்டவர்கள் என்று முத்திரை குத்த விரைவோரும் இருப்பர். குலத்தின் இடத்திற் போரை வைத்து அதே தீர்ப்பை வழங்குவதே இது. கூட்டிலே அடைபட்ட சில்லைக்குப் பாடசாலை இல்லை, ஆசிரியர் இல்லை, பேரனார் பேத்தியார் இல்லை. கற்கும் பருவம் சில வாரங்களில் மூடிக்கொள்கின்றது. மனிதக் குழந்தையின் வளர்ச்சி ஆண்டுக்கணக்கானது, சமூகத்தோடு பின்னியது, மீண்டும் மீண்டும் திறக்கக்கூடியது. பறவை ஆய்விலிருந்து மனிதருக்கு நேர்கோடு கீறுவது, ஏங்கல்ஸ் சுட்டிய அதே கண்கட்டு வித்தையின் இன்னொரு வடிவம். பட்டினியும் பயமும் உடலில் எழுதப்படுகின்றன என்பதை ஏற்கலாம். அவ்வெழுத்து அழியாதது என்பதற்குச் சில்லையைச் சாட்சிக்கு அழைக்கமுடியாது.

தேர்வு செய்யும் பெட்டையைப் பற்றியும் சில சொற்கள். ‘சிறந்த ஆணை’ எல்லாப் பெட்டையும் ஒருமனதாக விரும்பும் என்ற எண்ணம் நீண்டகாலம் நிலவியது. 2010இல் ஹொல்வெக், றீபல் என்னும் இரு பெண் ஆய்வாளர்கள், நிறையக் குஞ்சுகளோடு நெருங்கி, குறைந்த இரையில் வளர்ந்த சீப்ரா பிஞ்சுப் பெட்டைகள், தம்மைப் போன்றே வளர்ந்த ஆண்களின் பாட்டையே நாடின என்பதைக் காட்டினர். இரசனையும் நிலைமைகளின் விளைவே. அழகியல் பற்றி எமது விமர்சகரிடையே நடந்த எத்தனையோ விவாதங்கள் நினைவுக்கு வருகின்றன!

மயிலின் கதை இன்னும் சுவையானது. இங்கிலாந்தின் விப்ஸ்னேட் பூங்காவில் மரியன் பெற்றி 1990களிற் செய்த ஆய்வுகள், தோகையிற் கண்கள் மிகுந்த ஆணையே பெட்டை விரும்புகின்றது என்று கூறின; பாடநூல்களெல்லாம் அதனை ஏற்றுக்கொண்டன. யப்பானில் தக்காஹாஷியும் குழுவினரும் ஏழாண்டுகள் கவனித்து 2008இல் வெளியிட்ட முடிவு, அத்தகைய விருப்பம் எதுவும் அங்கு புலப்படவில்லை என்பது. இரு பூங்காக்களிலும் மயில் அந்நிய நாட்டுப் பறவை. வன்னிக் காட்டோரங்களிலும் வயல்வெளிகளிலும் அது இயல்பாகவே திரிகின்றது. விதைநெல்லுக்கு அதனால் வரும் சேதத்தைக் கண்டாவளைக் கமக்காரரைக் கேட்டறியலாம்.

தூக்கணாங்குருவி எமக்கு மேலும் நெருக்கமானது. 1930இல் பம்பாய்க்கு அருகே கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் அதன் வாழ்க்கையைக் கூர்ந்து நோக்கிய சாலிம் அலி, ஆண் கூட்டைப் பாதி கட்டி நிறுத்திவிட்டுக் கத்திச் சிறகடிக்க, பெட்டை வந்து உள்ளே புகுந்து சோதித்து, ஏற்றபின்னரே மீதி கட்டப்படுகின்றது என்பதை விவரித்தார். பின்னர் சுகேல் குவாதர் நடத்திய ஆய்வு, பெட்டை கவனிப்பது கூட்டின் கட்டமைப்பையும், அதனிலும் மேலாக அது தொங்கும் இடத்தையும் என்று கண்டது. அங்கே குஞ்சு பிழைக்குமா என்பதே வினா. ஆணின் அலங்காரம் அங்கு இரண்டாம்பட்சம். தானியம் தின்னும் இக்குருவியும் குஞ்சுக்குப் பூச்சிகளை ஊட்டுவது. வரம்பில் மருந்தடித்துப் பூச்சி அற்றுப்போன வயலருகே கூடு எவ்வளவு நல்ல கிளையில் தொங்கினும் குஞ்சின் வயிறு நிறைவது கடினம்.

ஆண் பாடும், பெண் கேட்கும் என்ற அடிப்படையே ஐரோப்பிய, வட அமெரிக்கப் பறவைகளை மாத்திரம் பார்த்ததனால் விளைந்த பொதுமைப்படுத்தல் என்பதும் இப்போது தெளிவாகியுள்ளது. 2014இல் கரன் ஓடமும் சகாக்களும், தாம் ஆராய்ந்த பாடும் பறவையினங்களில் 71 வீதமானவற்றிற் பெண்ணும் பாடுகின்றது எனவும், இக்குழுவின் ஆதி மூதாதையிலேயே பெண்பாட்டு இருந்திருக்கவேண்டும் எனவும் காட்டினர். பெண்பாட்டு வெப்பவலயத்தில் மிகுதி. விஞ்ஞானம் எங்கு நின்று, யாரால் செய்யப்பட்டது என்பது அதன் முடிவுகளையும் தொடுகின்றது.

எம்மவர் இங்கு நின்றே செய்யக்கூடியது நிறைய உண்டு. அதற்கு ஆய்வுகூடம் முதற் தேவையன்று. மார்க்சியராகிய உயிரியலாளர் ஹோல்டேன் 1957இல் இங்கிலாந்தைவிட்டுக் கல்கத்தாவில் இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனத்துக்கு வந்து, பின்னர் புவனேஸ்வரில் 1964இல் மறையும்வரை, விலை உயர்ந்த கருவிகளின்றிப் பொறுமையான எண்ணிக்கையைக்கொண்டே ஆராயலாம் என்று தம்மைச் சூழ்ந்த இளைஞருக்குக் கற்பித்தார். அவர்களுள் ஒருவரான ஜயகர், ஆக்காட்டியின் ஓர் இனம் வறண்ட நிலத்தில் முட்டையிட்டு அடைகாப்பதை நாட்கணக்கில் இருந்து பதிவுசெய்தார். ஹரித்துவாரில் தினேஷ் பட், அனில் குமார் முதலியோர் குண்டுக்கரிச்சானின் பாட்டை ஒலிப்பதிவுசெய்து பகுத்தாராய்ந்துள்ளனர். கண்டாவளையில் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் ஒன்றுசேர்ந்தால், குண்டுக்கரிச்சான் விடியலில் எத்தனை மணிக்குப் பாடத் தொடங்குகின்றது, ஒரு பாட்டிற் சொற்றொடர் எத்தனை, மழைக்கு முன்னும் பின்னும் அது எவ்வாறு மாறுகின்றது என்பவற்றைக் கைத்தொலைபேசி ஒன்றைக்கொண்டே பதியலாம். பெரும்போகத்தில் மருந்தடித்த வயலோரத்துப் பனையிலும், அடியாத வயலோரத்துப் பனையிலும், பெட்டை ஏற்காது பாதியிற் கைவிடப்பட்ட தூக்கணாங்கூடுகள் எத்தனை என்று எண்ணுவதற்கோ, ஒரு கொப்பியும் பென்சிலும் போதும்.